சி.ஏ.எச். உள்ள பெண் தன் உடம்போடு ஒத்துப்போவது எப்படி?

கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண் கேட்டிருக்கிறார். பிறவியிலேயே சி.ஏ.எச்., அதாவது பிறவி அட்ரினல் மிகைவளர்ச்சி. கைக்குழந்தையிலிருந்து ஸ்டீராய்டு மாத்திரை. வகுப்பிலேயே குள்ளம், தாடையில் முடி, மாதவிடாய் ஒழுங்கில்லை. சின்ன வயதில் ஏதோ ஆபரேஷன் நடந்ததாக அரைகுறையாகத் தெரியும். வீட்டில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். விடுதியில் யாருக்கும் விஷயம் தெரியாது. "கண்ணாடியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. இந்த உடம்பை எப்படி ஏற்றுக்கொள்வது? இதைச் சொன்னால் யாராவது என்னைக் கல்யாணம் செய்துகொள்வார்களா?" என்பது கேள்வி.

எனக்கும் அதே சி.ஏ.எச். தான். உப்பு இழக்கும் வகை. இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டேன், மருத்துவ ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். அதனால் நோயாளியாகத் தெரிந்ததையும் வேலையில் தெரிந்துகொண்டதையும் சேர்த்தே சொல்கிறேன். உங்களுக்கு அக்கா சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி முன்னால் நின்று "நான் அழகு" என்று சொல்லிப் பழகச் சொல்வார்கள். சிலருக்கு அது உதவலாம். எனக்கு உதவவில்லை. எனக்கு உதவியது ஒன்றுதான்: என் உடம்பைப் பற்றி அம்மாவுக்கும் அப்பாவுக்கும் டாக்டர்களுக்கும் தெரிந்திருந்ததெல்லாம் ஒருவழியாக எனக்கும் தெரியவந்தது. எது ஏன் நடந்தது என்று தெரிந்த பிறகுதான் அந்த உடம்பு என்னுடையது என்கிற எண்ணமே வந்தது. அதுவரை, யாரோ என்னிடம் கொடுத்துவைத்த பொருளைப் போலத்தான் அதை வைத்துக்கொண்டிருந்தேன். ஆகவே முதலில் தெரிய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு சிறுநீரகங்களின் தலைமேலும் ஆளுக்கொன்றாக அட்ரினல் சுரப்பி இருக்கிறது. கொழுப்பிலிருந்து கார்ட்டிசால், ஆல்டோஸ்டீரான் என்ற இரண்டு ஹார்மோன்களை அது செய்ய வேண்டும். கார்ட்டிசால் இல்லாமல் காய்ச்சலையும் காயத்தையும் உடம்பு தாங்காது. ஆல்டோஸ்டீரான் இல்லையென்றால் சிறுநீரோடு உப்பு போய்க்கொண்டே இருக்கும். இவற்றைச் செய்யும் வேலையில் 21-ஹைட்ராக்சிலேஸ் என்று ஒரு நொதி உண்டு. சி.ஏ.எச். உள்ளவர்களில் சுமார் 95 சதவீதம் பேருக்கு இந்த நொதியில்தான் குறை. கார்ட்டிசால் போதவில்லை என்று மூளை கட்டளை போட்டுக்கொண்டே இருக்கும், சுரப்பி பெருத்துவிடும், ஆனால் பொருள் போக வேண்டிய பக்கம் போக முடியாது. மடையை அடைத்தால் தண்ணீர் பக்கத்து வயலுக்குப் பாய்வதுபோல, எல்லாம் ஆண்ட்ரோஜன் என்கிற ஆண்தன்மை ஹார்மோன்கள் பக்கம் திரும்பிவிடும். கருவில் இருக்கும் பெண் குழந்தைக்கு ஏழாவது வாரம் தொடங்கிப் பிறப்புறுப்பின் வெளிப்பகுதி உருவாகிறது. அந்த நேரத்தில் ஆண்ட்ரோஜன் கூடுதலாக இருந்தால் வெளி அமைப்பு மாறும். கருப்பையும் சினைப்பையும் வழக்கம்போலவே இருக்கும்.

நீங்கள் பிறந்த அன்று "என்ன குழந்தை" என்று கேட்டவர்களுக்கு உடனே பதில் சொல்ல முடியாமல் இருந்திருக்கலாம். அந்தத் தயக்கம்தான் இன்றுவரை உங்கள் வீட்டில் பேச்சை மாற்றவைக்கிறது என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். கிரகணத்தன்று வெளியே போனதால்தான் இப்படிப் பிள்ளை பிறந்தது என்று அப்பத்தா சாகும்வரை அம்மாவைக் குத்திக்கொண்டிருந்தார். உண்மை என்னவென்றால், அப்பா, அம்மா இருவரிடமும் அந்த மரபணுவின் குறையுள்ள பிரதி ஒவ்வொன்று இருந்தது. அவர்களுக்கு ஒரு தொந்தரவும் தெரிந்திருக்காது. இரண்டு குறையுள்ள பிரதிகளும் ஒரே குழந்தைக்கு வந்து சேரும் வாய்ப்பு ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒன்று. மாமன் மகள், அத்தை மகன், தாய்மாமன் என்று சொந்தத்திலேயே கட்டிக்கொள்ளும் வழக்கம் இருக்கும் ஊரில் இந்த வாய்ப்பு கூடும்.

அப்புறம், நாம் அப்படியொன்றும் தனி ஆட்கள் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஐந்து நகரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளைப் பரிசோதித்தது. மொத்தத்தில் 5,762 குழந்தைகளுக்கு ஒன்று என்ற கணக்கில் சி.ஏ.எச். இருந்தது. சென்னையில் மட்டும் 2,036-க்கு ஒன்று. அப்படியென்றால் நம் மாநிலத்தில் எத்தனை வகுப்பறைகளில் நம்மைப் போன்ற பிள்ளைகள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஆண் பிள்ளைகளைப் பற்றி நினைத்தால் இன்னும் மனசு கனக்கும். அவர்களுக்கு வெளியில் ஒரு வித்தியாசமும் தெரியாது. பிறந்து இரண்டாவது வாரத்தில் வாந்தி, பால் குடிக்காமை, உடம்பு வற்றிப்போவது என்று ஆரம்பித்து, வயிற்றுப்போக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே இறந்துபோனவர்கள் உண்டு. நம் உடம்பில் எதை நாம் வெட்கம் என்று நினைக்கிறோமோ, அதுதான் பல பெண் குழந்தைகளை நேரத்தோடு டாக்டரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1950 வாக்கில் அமெரிக்காவின் பால்டிமோரில் லாசன் வில்கின்ஸ் முதலானவர்கள் கார்ட்டிசோன் கொடுத்துப் பார்க்கும்வரை, உப்பு இழக்கும் வகையில் பிறந்த குழந்தைகளைக் காப்பாற்றுவது பெரும்பாடாக இருந்தது.

இனி உயரம். நான் மூன்றாம் வகுப்பில் பிரேயர் வரிசையின் கடைசி ஆள். வகுப்பிலேயே உயரம் நான்தான், பலகையின் மேல்பகுதியை அழிக்க மற்றப் பிள்ளைகளுக்கு எட்டாவிட்டால் டீச்சர் என்னைத்தான் கூப்பிடுவார். ஒன்பதாம் வகுப்பில் அதே வரிசையில் முதல் ஆள். ஒவ்வொரு ஜூன் மாதமும் என்னைத் தாண்டிப் பிள்ளைகள் பின்னால் போனார்கள், நான் முன்னால் வந்துகொண்டே இருந்தேன். காரணம் இதுதான்: ஆண்ட்ரோஜன் கூடினால் எலும்பு சீக்கிரம் வளரும், சீக்கிரமே மூடிக்கொள்ளும். எட்டு வயதில் கையை எக்ஸ்ரே எடுத்தால் பன்னிரண்டு வயது எலும்பு தெரியும். அதைத் தடுக்க மாத்திரையைக் கூட்டினால் அதே மாத்திரை வளர்ச்சியைக் குறைக்கும், முகம் உப்பும், எடை ஏறும், வயிற்றிலும் தொடையிலும் கோடு விழும். குறைத்தால் ஆண்ட்ரோஜன் தலைதூக்கும். எவ்வளவு நல்ல டாக்டராக இருந்தாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்க வேண்டியிருந்தது. நீங்கள் சரியாகச் சாப்பிடாததாலோ ஸ்கிப்பிங் ஆடாததாலோ குள்ளமாக இல்லை. அந்தப் பழியை இன்றோடு கீழே போடுங்கள்.

முடி விஷயத்தில் தயவுசெய்து கவனம். முதலில் ஹார்மோன் கட்டுக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது சரியில்லாமல் லேசர் செய்தால் காசுதான் போகும், முடி திரும்ப வரும். ஹார்மோன் சரியான பிறகும் ஏற்கனவே தடித்துவிட்ட முடி தானாக உதிராது. அதற்குத்தான் திரெடிங்கோ லேசரோ. எடுக்க வேண்டும் என்று தோன்றினால் எடுங்கள், வேண்டாம் என்றால் விடுங்கள், இரண்டுமே உங்கள் இஷ்டம். ஆனால் முடி குறைய ஸ்பைரோனோலாக்டோன் என்ற மாத்திரையை எழுதித்தருவது வழக்கம். அது ஆல்டோஸ்டீரானுக்கு எதிராக வேலை செய்யும் மருந்து. உப்பு இழக்கும் வகைக்காரர்களுக்கு அது ஆபத்து. உங்கள் சி.ஏ.எச். பற்றித் தெரியாத தோல் டாக்டரிடமோ, தோழியின் சீட்டைப் பார்த்தோ அதை வாங்கிவிடாதீர்கள். இன்னொன்று: முகத்தில் முடி, பரு, தள்ளிப்போகும் மாதவிடாய் என்று வருகிற எல்லோரையும் பி.சி.ஓ.எஸ்., அதாவது சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை என்று எழுதிவிடுகிறார்கள். அவர்களில் சிலருக்கு இருப்பது சி.ஏ.எச்.சின் மிதமான வகை. காலையில் எடுக்கும் 17-ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டிரான் ரத்தப் பரிசோதனையில் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். எங்கள் ஆய்வகத்தில் இருபத்தைந்து வயதில் முதல்முறையாக அந்தப் பெயரைக் கேட்டு அழுத பெண்களைப் பார்த்திருக்கிறேன். இத்தனை வருடம் தன்மேல் தப்பு என்று நினைத்ததற்கு ஒரு பெயர் இருக்கிறதே என்ற அழுகை அது.

மாத்திரையையும் நீங்கள் வெறுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் வெறுத்தேன். அந்தக் காலத்தில் எங்கள் ஊர் மருந்துக்கடையில் அது கிடைக்காது, அப்பா மதுரைக்குப் பஸ் ஏறிப் போய் வாங்கிவருவார். குழந்தைக்கான அளவில் மாத்திரை வராது. ராத்திரி வேலையெல்லாம் முடிந்ததும் அம்மா தினமணி நாளிதழை விரித்து, புது பிளேடால் ஒரு மாத்திரையை நாலாக வெட்டுவார். ஒரு கால் துண்டு உடைந்து தூளானால் அதைத் தாளிலிருந்து விரலால் கூட்டி எடுத்துத் தனியாக மடிப்பார். காலை, மதியம், இரவு என்று மூன்று பொட்டலம். மதியப் பொட்டலம் பள்ளிக்கூடப் பையில். யார் கேட்டாலும் "சத்து மாத்திரை" என்று சொல்லச் சொல்லியிருந்தார். பத்தாம் வகுப்பு லீவில் நானே வெட்ட ஆரம்பித்தேன். எவ்வளவு, எப்போது, ஏன் என்று அப்போதுதான் முதன்முதலில் கேட்டேன். அம்மா திணறித் திணறிச் சொன்னார். எனக்கு அதற்குப் பிறகு மாத்திரை மேல் இருந்த கோபம் மெல்லக் குறைந்தது.

"ஸ்டீராய்டு உடம்பைக் கெடுக்கும், நிறுத்திவிட்டு நாட்டு மருந்து சாப்பிடு" என்று சொல்ல ஒரு சித்தப்பாவாவது எல்லோர் வீட்டிலும் இருப்பார். மற்றவர்கள் உடம்பு தானே செய்துகொள்வதை நாம் வாயால் போட்டுக்கொள்கிறோம், அவ்வளவுதான். நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. விரதம் இருந்தாலும் காலை மாத்திரையைத் தள்ளக் கூடாது. காய்ச்சல் 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ போட வேண்டும். உங்களுக்கு எவ்வளவு என்பதை டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். வாந்தியில் மாத்திரை நிற்கவில்லை என்றால் காத்திருக்கவே கூடாது. பெரியவர்களுக்கு 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் (கார்ட்டிசாலின் மருந்து வடிவம்) ஊசி, உடனே.

ஆபரேஷன் பற்றி. உங்களுக்கு நடந்ததாகச் சொல்வது அநேகமாகப் பிறப்புறுப்பின் தோற்றத்தை மாற்றும் அறுவை சிகிச்சை. எனக்கும் நடை பழகும் வயதில் செய்தார்கள். எனக்கு அது தெரியவந்தது பீரோவில் ரேஷன் கார்டுக்கு அடியில் இருந்த பழுத்துப்போன டிஸ்சார்ஜ் தாளில். அன்றைக்கு வந்த கோபம் லேசில் போகவில்லை. உயிரைக் காப்பாற்றச் செய்த மாத்திரையும், பார்ப்பவர்களுக்குச் சங்கடம் இல்லாமல் இருக்கச் செய்த அறுவை சிகிச்சையும் ஒன்றல்ல என்று இன்றும் நினைக்கிறேன். பிறப்புறுப்பில் உணர்ச்சி மிகுந்த மொட்டுப் பகுதியான கிளிட்டோரிஸைக் குறைக்கும் சிகிச்சையில் தொடு உணர்வு குறையலாம், தழும்பு இறுகலாம், பெரியவளான பிறகு மறுபடி சரிசெய்ய வேண்டி வரலாம். அதைத் தாங்கப்போகும் பெண்ணைக் கேட்காமல் முடிவெடுத்துவிட்டார்கள். அப்பா அம்மாவின் பயத்தைப் புரிந்துகொள்கிறேன். ஆனால் புரிந்துகொண்டதால் அது சரியாகிவிடாது.

நமக்குக் கிடைக்காத பாதுகாப்பு இப்போது பிறக்கும் பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்கிறது. 2019 ஏப்ரல் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் ஒரு திருமணப் பதிவு வழக்கில் தீர்ப்பு சொல்லும்போது, இன்டர்செக்ஸ் குழந்தைகளுக்கு, அதாவது ஆண், பெண் என்ற வழக்கமான உடலமைப்பில் அடங்காமல் பிறக்கும் குழந்தைகளுக்கு, இப்படி அறுவை சிகிச்சை செய்வதைத் தடை செய்யுமாறு அரசுக்கு உத்தரவிட்டார். மதுரையைச் சேர்ந்த இன்டர்செக்ஸ் உரிமைச் செயல்பாட்டாளர் கோபி சங்கரின் பணியையும் தீர்ப்பில் குறிப்பிட்டார். அதே வருடம் ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு ஆணை வெளியிட்டது. உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மற்றபடி கூடாது என்பது ஆணை. இந்தியாவில் இதை முதலில் செய்த மாநிலம் நம்முடையது. அந்தச் செய்தியைப் படித்த அன்று வேலையை விட்டுவிட்டு மொட்டைமாடியில் போய் நின்றேன்.

உங்கள் தாள்களைக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் டிஸ்சார்ஜ் சம்மரி இருந்தால் அதன் நகல் உங்களிடம் இருக்க வேண்டும். மருத்துவமனையில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று 2002-இன் மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறை சொல்கிறது. மூன்று வருடம்தான் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்பதால் பழையது கிடைக்காமல் போகலாம், ஆனாலும் கேளுங்கள். அம்மாவிடம் சண்டையாக ஆரம்பிக்காதீர்கள். "இனி டாக்டரிடம் நானே தனியாகப் போகணும், அதனால எனக்குத் தெரியணும்மா" என்றால் வாய் திறக்க அவருக்கும் ஒரு வழி கிடைக்கும். உண்மையிலேயே குழந்தை டாக்டரிடமிருந்து பெரியவர்களுக்கான எண்டோகிரைனாலஜிஸ்டிடம் (ஹார்மோன் நிபுணரிடம்) நீங்கள் மாற வேண்டிய வயது இது. இந்த மாற்றத்தில்தான் பலர் சிகிச்சையை விட்டுவிடுகிறார்கள்.

அங்கே போனால் இன்னொரு உரிமையும் உங்களுக்கு உண்டு. சின்ன வயதில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கட்டிலைச் சுற்றி மாணவர்கள் நிற்க, போர்வையைத் தூக்கிக் காட்டி ஒருவர் பாடம் நடத்தியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. மேலே ஓடும் ஃபேனின் றெக்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதன் பிறகு பல வருடம் குளிக்கும்போதுகூட என் உடம்பை நான் பார்த்ததில்லை. நிபுணர்கள் 2005-இல் சிகாகோவில் கூடி அடுத்த வருடம் வெளியிட்ட ஒப்புதல் அறிக்கை, பிறப்புறுப்பைத் திரும்பத் திரும்பப் பரிசோதிப்பதும் படமெடுப்பதும் ஆழமான அவமானமாகப் பதியலாம் என்று எச்சரிக்கிறது. வழக்கமான செக்கப்புக்கு ரத்த அழுத்தம், எடை, ரத்தப் பரிசோதனை போதும். "இன்றைக்கு அந்தப் பரிசோதனை எதற்கு?" என்று கேளுங்கள். காரணம் இருந்தால், ஒரே ஒரு பெண் டாக்டர், கதவு சாத்திய அறை, உங்கள் சம்மதம். "மாணவர்கள் வேண்டாம்" என்று நான் முதன்முதலில் சொன்னது உங்கள் வயதைத் தாண்டித்தான். குரல் நடுங்கியது, ஆனால் அவர்கள் வெளியே போனார்கள். அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது உடம்பு லேசாக இருந்தது.

புதுக்கோட்டை சாந்தி சௌந்தரராஜனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2006-இல் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள், அந்தரங்கமான விஷயம் உலகம் முழுக்க டிவியில் ஓடியது. அதையும் தாண்டி வந்து பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுக்கிறார். நான் இதை இழுப்பதற்குக் காரணம், "நீ பெண்தானா" என்ற கேள்வி உங்களுக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால்தான். சி.ஏ.எச்.சோடு பெண்ணாக வளர்ந்தவர்களில் பெரும்பாலானோர் தங்களைப் பெண்ணாகவே உணர்கிறார்கள். சிலர் அப்படி உணர்வதில்லை. சிலருக்குப் பெண்கள் மேல் ஈர்ப்பு இருக்கும். எதுவாக இருந்தாலும் அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான், ரிப்போர்ட் இல்லை.

கல்யாணம். எனக்கு ஆகியிருக்கிறது, ஒரு மகள் இருக்கிறாள். சொல்லித்தான் செய்துகொண்டேன். பெண் பார்க்கும் அன்று எல்லோர் முன்னாலும் சொல்லவில்லை. இரண்டு பேரும் தனியாகப் பேச ஆரம்பித்த பிறகு, "தினமும் மாத்திரை, காய்ச்சல் வந்தால் கூடுதல், ஊசி வீட்டில் இருக்கும், குழந்தைக்கு டாக்டர் மேற்பார்வை வேண்டும்" என்று சொன்னேன். மிச்சத்தைப் பழக்கம் கூடக் கூடச் சொன்னேன். அதற்கு முன்னால் ஒரு வரன் இதைக் கேட்டு விலகியது. வலித்தது. ஆனால் மறைத்துக் கட்டிக்கொண்டிருந்தால் மாத்திரையையும் மறைக்க வேண்டியிருந்திருக்கும், அது நம் உயிரோடு விளையாடுவது. உடலுறவில் வலியோ இறுக்கமோ இருந்தால் இதில் அனுபவமுள்ள மகப்பேறு மருத்துவரிடம் காட்டலாம், படிப்படியாகத் தளர்த்தும் முறைகள் இருக்கின்றன. அவசரமே இல்லை, கல்யாணத் தேதிக்காக எதையும் செய்ய வேண்டியதும் இல்லை.

குழந்தை பெறுவதைப் பற்றி: ஹார்மோன் சரியாக இருந்தால் பலருக்கும் முடியும். பிள்ளைக்கும் இந்த நோய் வர, கணவரிடமும் குறையுள்ள பிரதி இருக்க வேண்டும். பொதுவாக 60 பேரில் ஒருவரிடம் இருக்கும் என்று கணக்கு. அப்படிப் பார்த்தால் வாய்ப்பு சுமார் 120-இல் ஒன்று. சொந்தத்தில் கட்டினால் இந்தக் கணக்கு செல்லாது, அவருக்கு மரபணுப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. கர்ப்ப காலத்தில் ஹைட்ரோகார்ட்டிசோனை நிறுத்த மாட்டார்கள், நஞ்சுக்கொடி அதில் பெரும்பகுதியைச் செயலிழக்கச் செய்துவிடும். டெக்ஸாமெத்தசோன் அப்படியில்லை, குழந்தைக்குப் போய்ச் சேரும். அதனால் எந்த ஸ்டீராய்டு என்று பெயரைப் பார்த்துச் சாப்பிடுங்கள்.

கடைசியாக, விடுதி. எல்லோரிடமும் சொல்லத் தேவையில்லை. ஆனால் அறைத்தோழி ஒருத்திக்காவது தெரிந்தே ஆக வேண்டும். அவளிடம் ஆபரேஷனைப் பற்றியோ முடியைப் பற்றியோ பேச வேண்டாம். "எனக்கு ஒரு ஹார்மோன் சுரக்காது. நான் விடாமல் வாந்தி எடுத்தாலோ, கூப்பிட்டு எழுந்திருக்காவிட்டாலோ, அலமாரி மேல்தட்டில் நீல டப்பாவில் ஊசியும் டாக்டர் கடிதமும் இருக்கும், இரண்டையும் எடுத்துக்கொண்டு என்னை உடனே கேஷுவாலிட்டிக்குக் கூட்டிப்போ" என்றால் போதும். அந்தக் கடிதத்தில் நோயின் பெயர், தினமும் சாப்பிடும் மருந்தின் அளவு, அவசர ஊசியின் அளவு, உங்கள் டாக்டரின் எண் நான்கும் இருக்கட்டும். ஒரு நகலை லேமினேட் செய்து கல்லூரி அடையாள அட்டைக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள்.